மூலமும் வழியும்: மூல அடைவுக்கு வெளியே மென்பொருள் கட்டும் முறை

ஆய்வுச் சுருக்கம்

மூல நிரல் இருக்கும் அடைவிலேயே மென்பொருளைக் கட்டாமல், அதற்கெனத் தனி அடைவு அமைத்துக் கட்டும் முறை இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இம்முறை வெறும் ஒழுங்குணர்வின் விளைவன்று. மனிதர் எழுதியதையும் கருவி ஆக்கியதையும் ஐயமின்றிப் பிரித்தறியும் தேவையை நிறைவு செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மூல நிரல், மூல அடைவு, கட்டுமான அடைவு, வழிக்கோப்பு, கணித்தமிழ்.

முன்னுரை

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுக்கிறது. வழிநூல் வகைகளுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாகக் கொள்கிறது. மென்பொருளாக்கத்திலும் இதனையொத்த பகுப்பு ஒன்று உண்டு. நிரலாளர் எழுதுவது மூல நிரல். கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி அதனைப் பொறிமொழிக்கு மாற்றும்போது இடைநிலைக் கோப்புகளும், இறுதியில் இயங்கும் நிரலும் தோன்றுகின்றன. இவை இக்கட்டுரையில் வழிக்கோப்புகள் எனப்படுகின்றன. எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. வழிநூல் தனித்த படைப்பு, அழிந்தால் இழப்பே. வழிக்கோப்போ மூலத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் ஆக்கிக்கொள்ளத்தக்கது.

1. இரண்டும் ஓரிடத்தில் இருப்பதன் இடர்கள்

1976ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' என்னும் கருவி, கோப்புகள் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை ஒப்பிடுகிறது. மூலத்தைவிடப் பழையதாக உள்ள வழிக்கோப்பை மட்டுமே அது மீண்டும் ஆக்குகிறது. இதனால் காலம் மிச்சமாகிறது. ஆனால் மூலம் மாறாமல், கட்டும் விருப்பத்தேர்வுகள் மட்டும் மாறினால், நேரத்தை மட்டும் நோக்கும் கருவி அம்மாற்றத்தை உணராது. பழைய தேர்வில் ஆக்கப்பட்ட கோப்புகளும் புதிய தேர்வில் ஆக்கப்பட்டவையும் ஒரே நிரலில் கலந்துவிடும்.

மூல அடைவிலேயே கட்டும்போது இவ்விடர் மிகுகிறது. அவ்வடைவில் ஒரு நேரத்தில் ஒருவகைக் கட்டுமானமே இருக்க இயலும். வழிக்கோப்புகளைத் துடைக்க முற்படுபவர், எழுதப்பட்ட கோப்பு எது, ஆக்கப்பட்டது எது என்று ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். அங்கு நேரும் சிறு கவனக்குறைவு மூலத்தையே நீக்கிவிடக்கூடும்.

2. பிரித்துக் கட்டும் முறை

குனு திட்டத்தின் 'மேக்', 'விபாத்' என்னும் மாறியின் வழியாக மூலக்கோப்புகளை வேறு அடைவுகளிலும் தேடுகிறது. 'ஆட்டோகான்ஃப்' உருவாக்கும் 'கான்ஃபிகர்' நிரலை வேறோர் அடைவிலிருந்து அழைத்தால், கட்டுமானம் அவ்வடைவிலேயே நிகழும். ஆகவே ஒரே மூலத்திலிருந்து பிழை ஆய்வதற்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று, வேறுவகைச் செயலிக்கு ஒன்று எனப் பல கட்டுமானங்களை அருகருகே வைத்திருக்கலாம்.

ஜிசிசி நிரல்பெயர்ப்பியின் நிறுவல் ஆவணம், மூல மரத்துக்கு வெளியே உள்ள தனி அடைவில் கட்டுவதையே வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது. எல்எல்விஎம், மெசான் ஆகியவை மூல அடைவிலேயே கட்டுவதை ஏற்பதில்லை. 'ஆட்டோமேக்' தரும் 'டிஸ்ட்செக்' சோதனை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வெளியீட்டுத் தொகுப்பை விரித்து, அதன் மூல அடைவைப் படிக்க மட்டும் இயலுமாறு பூட்டி, வேறோர் அடைவில் கட்டிப் பார்க்கிறது. மூலத்தில் எழுத முனையும் கட்டுமானம் அங்கேயே பிடிபடுகிறது.

3. எச்சக் கோப்பு விளைவிக்கும் பிழை

முறை மாறும் இடைவேளையே பெரிதும் கவனத்திற்குரியது. 'கான்ஃபிக்.எச்' என்னும் கோப்பு, குறிப்பிட்ட கணினியின் இயல்புகளைப் பதிந்து ஆக்கப்படுவது. ஒருவர் முதலில் மூல அடைவில் ஒருமுறை கட்டிவிட்டு, பின்னர் வேறு கணினிக்காகத் தனி அடைவில் கட்டுவதாகக் கொள்ளலாம். இப்போது அப்பெயரில் இரு கோப்புகள் உள்ளன. சி மொழி நிரலில் அக்கோப்பு இரட்டை மேற்கோள் குறிக்குள் அழைக்கப்பட்டிருந்தால், நிரல்பெயர்ப்பி அழைக்கும் கோப்பு உள்ள அடைவிலேயே முதலில் தேடும். அங்கு எஞ்சிய பழைய கோப்பையே எடுத்துக்கொள்ளும். பிழைச்செய்தி ஏதுமின்றிக் கட்டுமானம் முடியக்கூடும்; ஆயினும் விளைவது தவறான நிரல். இதனைத் தவிர்க்கவே ஆட்டோகான்ஃப் கையேடு கோணக்குறிக்குள் அழைக்குமாறு அறிவுறுத்துகிறது. 'சிமேக்' கருவியிலும் இதற்கு இணையான பொறி உண்டு. சுட்டப்பட்ட அடைவில் பழைய 'சிமேக்கேச்' கோப்பு இருந்தால், அக்கருவி அதனையே கட்டுமான அடைவாகக் கொள்ளும். தனி அடைவில் நின்று கட்டுவதாக எண்ணுபவர், அறியாமல் மூலத்திலேயே கட்டுவார். எனவே பிரித்துக் கட்டத் தொடங்குமுன் மூல அடைவைத் துப்புரவாக்குதல் இன்றியமையாதது.

4. தமிழாய்வுக்குப் பொருத்தம்

தரவகம் கொண்டு ஆய்வோருக்கும் இந்நெறி பொருந்தும். கைப்படச் சரிபார்த்த பாடக்கோப்பு மூலம். அதிலிருந்து கணினி ஆக்கும் சொல்லடைவும் சொல்வரவு எண்ணிக்கைப் பட்டியலும் வழிக்கோப்புகள். சொல்லடைவில் கண்ட எழுத்துப்பிழையை அச்சொல்லடைவிலேயே திருத்தினால், அடுத்தமுறை ஆக்கும்போது அத்திருத்தம் மறையும். பிழை மூலத்தில் நிலைத்திருக்கும். திருத்தம் மூலத்திற்குரியது, வழிக்கோப்பு மீண்டும் ஆக்கப்பட வேண்டியது.

முடிவுரை

மூலத்தையும் வழியையும் இடத்தால் பிரிப்பதே அவற்றைக் குழப்பாமல் காக்கும் எளிய வழி. ஒரு திட்டம் இந்நெறியில் நிற்கிறதா என்பதை அறிய ஒரு சோதனை போதும்: கட்டுமான அடைவை முழுவதும் நீக்கிய பின்பும், மூலத்தைக் கொண்டே அனைத்தையும் மீண்டும் ஆக்க இயல வேண்டும். அவ்வாறு நீக்கத் தயக்கம் எழுமாயின், மனித உழைப்பின் ஒரு பகுதி இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது என்பதே பொருள்.