அயல் உயிரும் அங்காடியும்

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் விலங்கியல் பயின்று பட்டம் பெற்றுச் சென்ற நண்பர் ஒருவர், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்திய மாலையொன்றில் விடுதிக்கு வந்து, தமிழ் மாணாக்கராகிய எம்மைத் தேடி அமர்ந்தார். தம் ஊரில், பேருந்து நிலையத்தை அடுத்த தெருவில், அயல்நாட்டுப் பறவைகளையும் சிறு விலங்குகளையும் விற்கும் கடையொன்று திறக்க எண்ணியிருப்பதாகவும், பெருநகரக் கடை எதற்கும் கிளையாக இராமல் தாமே தனித்து நடத்தக் கருதுவதாகவும், அதற்கு நல்ல தமிழில் ஒரு பெயர் வேண்டுமென்றும் கூறினார். தந்தையார் ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் ஒரு பகுதி இதற்கென எடுத்து வைக்கப்பட்டுள்ளது என்பதையும் சற்றுத் தயங்கிச் சொன்னார். பெயர் தேடப் புகுந்த எமக்குப் பொருளையும் தேட நேர்ந்தது. அவ்வாறு கண்டவற்றுட் சில ஈண்டு எழுதப்படுகின்றன.

நண்பர் மனத்தில் முன்பே இருந்த பெயர் 'எக்ஸாட்டிக் பெட்ஸ்' என்பது. 'எக்ஸாட்டிக்' என்பது கிரேக்க மொழியினின்று ஆங்கிலம் கொண்ட சொல். வெளியிலிருந்து வந்தது என்று பொருள்படும். அதற்கு 'அயல்' என்னும் சொல்லே பொருந்துமென முதலிற் கருதினோம். ஆயின் அயல் என்பது விந்தையான சொல்லாக இருந்தது. அயல்நாடு என்னுமிடத்து அது தொலைவையும் அந்நியத்தையும் குறிக்கின்றது. அண்டை அயல் என்னுமிடத்தோ கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டைக் குறிக்கின்றது. அருகும் அதுவே, அந்நியமும் அதுவே. இதனை நண்பரிடம் எடுத்துரைத்தபோது, "தம்பி, பெயர் கேட்க வந்தால் பாடம் நடத்துகிறீர்களே!" என்று நகைத்தார். ஆயினும் இக்கடை பற்றிய சிக்கலெல்லாம் இவ்வொரு சொல்லுள் அடங்கியிருத்தலைப் பின்னரே கண்டோம்.

நம் தோப்புகளில் வாழும் பச்சைக்கிளியையே எடுத்துக்கொள்வோம். கழுத்தில் செவ்வளையம் உடைய இக்கிளி நமக்கு அயலன்று. ஆதலின் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைப் பிடித்தலையும் விற்றலையும் கூண்டில் வைத்தலையும் குற்றமாக்கியுள்ளது. இலண்டன் நகரத்தானுக்கோ அஃது அயற்பறவை. அவன் அதனைக் கடையில் வாங்கி வளர்க்கலாம். அவ்வாறு வளர்க்கப்பட்டுத் தப்பியும் விடப்பட்டும் போன கிளிகளின் வழிவந்தவை இன்று அந்நகரப் பூங்காக்களிற் கூட்டங்கூட்டமாகப் பறந்து திரிகின்றன. இனி, ஆஸ்திரேலியாவின் சிறு கிளியாகிய பட்ஜரிகாரை நம் ஊர்க் கடைகளில் யாரும் விற்கலாம். அதன் தாய்நாட்டிலிருந்தோ அதனைப் பிடித்து வணிகத்துக்கென வெளியே அனுப்புதல் ஆகாது. ஓர் உயிர் அயலா அன்றா என்பது அதன் கூண்டு எங்கே தொங்குகின்றது என்பதைப் பொறுத்தது.

இவ்வாணிகம் புதியதன்று. சாலொமோன் அரசனுக்குத் தர்ஷீசின் கப்பல்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கொணர்ந்த பொருள்களுள் குரங்குகளும் மயில்களும் இருந்தன என்பது, இராஜாக்கள் முதலாம் புத்தகத்தைப் படித்த யாவரும் அறிந்ததே. அங்கே மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் நம் 'தோகை' என்பதன் திரிபு எனக் கால்டுவெல் ஐயர் கருதினார். அறிஞர் அனைவரும் அதற்கு உடன்பட்டாரல்லர். தமிழ் மாணாக்கராகிய எமக்கு அதனை விட மனமில்லை. அரசன் வாங்கிய அப்பறவை 1963 முதல் நம் நாட்டுப் பறவை. இன்று நண்பர் அதனைத் தம் கடையில் வைப்பாராயின் அரண்மனைக்கு அன்று, சிறைக்கே செல்வார்.

அரசர்க்கு மட்டுமன்றி யாவர்க்கும் அயல் உயிர்களை விற்ற பெருங்கடை, 19ஆம் நூற்றாண்டில் இலண்டனில் ராட்கிளிஃப் ஹைவே என்னும் தெருவில் இருந்தது. உரிமையாளர் சார்லஸ் ஜாம்ராக், ஆம்பர்க்கிற் பிறந்தவர். கப்பற்றுறையை அடுத்திருந்தமையால், மாலுமிகள் தாம் சென்ற நாடுகளினின்று கொணர்ந்த கிளி, குரங்கு முதலியவற்றை அவரிடம் விற்றனர். 1857இல் அங்கு வந்திறங்கிய புலியொன்று தன் பெட்டியை உடைத்துக்கொண்டு தெருவில் நடந்தது. ஒரு சிறுவன் அதன் முகத்தைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினான். புலி அவனைக் கவ்விச் சென்றது. ஜாம்ராக் துரத்திச் சென்று அவனை உயிரோடு மீட்டார். பின்னர் வழக்கு வந்தது, இழப்பீடும் கொடுக்க நேர்ந்தது.

புலிக் கதையை யாவரும் சொல்வர். எம்மை மிகுதியும் வருத்தியது வேறொன்று. ஓவியரும் கவிஞருமாகிய டான்டே கேப்ரியல் ரோசெட்டி 1869இல் அதே கடையிலிருந்து வாம்பட் என்னும் ஆஸ்திரேலிய விலங்கொன்றை வாங்கினார். வளை தோண்டி வாழும், கொழுத்த, சாதுவான பிராணி அது. அதன்மேல் அவர் கொண்ட அன்பு பொய்யன்று. எனினும் அவ்வாண்டு நவம்பரிலேயே அது இறந்தது. அதனருகில் தாம் அழுவதாக ஒரு சித்திரம் வரைந்தார். அன்பு குறைந்து மடிந்த உயிரன்று அது. அதற்கு எது உணவு, எது நோய் என்பதை விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார் போலும்.

நூறாண்டு கழிந்து 1969இல், அதே இலண்டனில் ஹாரட்ஸ் என்னும் பெருங்கடையில், ஆஸ்திரேலிய இளைஞர் இருவர் ஒரு சிங்கக்குட்டியை விலைக்கு வாங்கினர். அதற்குக் கிறிஸ்டியன் என்று பெயரிட்டனர். ரோசெட்டி வாழ்ந்த செல்சியாப் பகுதியிலேயே, மொரேவியத் திருச்சபையாரின் கல்லறைத் தோட்டத்தில், போதகரின் இசைவுடன் அது ஓடியாடி வளர்ந்தது. ஓராண்டில் வீடு கொள்ளாத அளவு வளர்ந்துவிடவே, 1970இல் கென்யாவுக்குக் கொண்டுசென்று ஜார்ஜ் ஆடம்சனிடம் ஒப்புவித்தனர். அவர் அதனைக் காட்டு வாழ்வுக்குப் பழக்கினார். இக்கதை இனிதாக முடிந்தது. ஆயினும் வாங்கப்பட்ட சிங்கக்குட்டிகளுக்கெல்லாம் ஓர் ஆடம்சன் வாய்ப்பாரோ? ஆபத்தான காட்டு விலங்குகளை வளர்ப்பதற்கு உரிமம் வேண்டுமென 1976இல் பிரிட்டன் சட்டம் இயற்றியது.

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தபின்னரே கடை திறத்தல் கூடும். ஒவ்வொரு பிராணியும் எங்கிருந்து வாங்கப்பட்டது, யாருக்கு விற்கப்பட்டது, இறந்ததாயின் எவ்வாறு என்பன பேரேட்டில் எழுதப்படல் வேண்டும். இவையன்றி, அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் உடன்படிக்கை ஒன்றுண்டு. 1973இல் வாஷிங்டனிற் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த அதில் இந்தியா 1976இற் சேர்ந்தது. நெடுங்காலம் இவ்வுடன்படிக்கை துறைமுகத்திலும் விமான நிலையத்திலுமே காவல் நின்றது. எல்லை தாண்டி உள்ளே வந்துவிட்ட அயல் உயிரைக் கேட்பார் அரியர். அக்குறையை நீக்க 2022இல் வனவுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் அத்திருத்தம் நடப்பில் உள்ளது. உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள உயிர்கள் நான்காம் அட்டவணையாகச் சேர்க்கப்பட்டன. அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ளுதலும், பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றைத் தெரிவித்தலும் வேண்டும். 2024இல் அதற்கான விதிகள் வெளிவந்தன.

நண்பர் இவற்றையெல்லாம் எம்மினும் நன்கு அறிந்திருந்தார். "சட்டம் கடினமன்று, சரக்குத் தேர்வே கடினம்" என்பது அவர் கூற்று. அதனை விளக்க அவர் இரு பறவைகளை எடுத்துக்காட்டினார்.

ஒன்று மேற்கூறிய பட்ஜரிகார். நம் மக்கள் இதனைத்தான் 'லவ் பேர்ட்ஸ்' என்கின்றனர். உண்மையில் அப்பெயருக்குரிய பறவை ஆப்பிரிக்காவிலுள்ள வேறொரு கிளியினம். (பெயர் மாறி வழங்குவதில் மக்களைக் குறை கூறுவதற்கில்லை, நாவிற்கு எளியது நிற்கும்.) 1840இல் ஜான் கூல்டு என்னும் பறவையியலார் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். அன்று முதல் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, இயல்பான பச்சை நிறத்தோடு நீலமும் வெண்மையும் பிறவும் பெற்றுவிட்டது. இதனை விற்பதால் காட்டில் ஒரு மரமும் வெறுமையாவதில்லை. சைட்டிஸ் பட்டியலிலும் இது இல்லை. மற்றொன்று ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி. மனிதர் பேச்சை மிகத் தெளிவாகப் பேச வல்லது. அப்பேச்சே அதற்குப் பகையாயிற்று. காடுகளினின்று பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டமையால், 2016இல் ஜோகன்னஸ்பர்க்கிற் கூடிய மாநாட்டில் அது கடுங்காப்புடைய முதற் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. பட்ஜரிகாரினும் பன்மடங்கு விலை பெறுவது அது. புதுக்கடைக்காரன் கண் அதன்மேற் செல்வது இயல்பே. கூண்டிற் பிறந்ததென்று விற்போன் சொல்வான். ஆவணமின்றேல் அச்சொல்லை எவ்வாறு நம்புவது?

வளர்ப்பு முறையிலும் கடைக்காரன் அறியவேண்டுவன பல. ஹாம்ஸ்டர் என்னும் சிற்றெலியினத்தை எடுத்துக்கொள்க. கடைகளில் விற்கப்படும் சிரிய ஹாம்ஸ்டர்கள் 1930இல் அலெப்போ நகரருகே ஒரு வளையிற் கண்டெடுக்கப்பட்ட தாயும் குட்டிகளுமாகிய ஒரு குடும்பத்தின் வழிவந்தவை. தனித்து வாழ்வது அதன் இயல்பு. அழகு கருதி வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் வைப்பின் ஒன்றையொன்று கடித்துக் கொல்லும். ஓணான், ஆமை முதலிய குளிர்ந்த குருதியுடையவற்றுக்கோ கூண்டின் ஒருபுறம் வெப்பமும் மறுபுறம் தண்மையும் வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் இல்லையேல் உண்ட சுண்ணாம்புச் சத்து உடலிற் சேராது எலும்பு வளைந்துவிடும். கண்ணாடிப் பேழையில் அழகாக வைக்கப்பட்டு, உள்ளே மெல்ல மெல்ல எலும்பு கரையும் உயிரை வாங்குவோர் நலமுடையதென்றே எண்ணுவர். இவற்றுக்குரிய விளக்கும் உணவும் கூண்டுமே கடைக்கு நிலையான வருவாய் தருவன என்றும், பிராணி விற்பது ஒருமுறை, தீனி விற்பது பல்லாண்டு என்றும் நண்பர் கணக்குக் காட்டினார். அக்கணக்கிற் குறை காண எம்மால் இயலவில்லை.

இங்கே எம் குற்றமொன்றைக் கூறாதிருத்தல் முறையன்று. எம் விடுதியின் பின்புறத் தாமரைத் தொட்டியில் செங்காது ஆமை ஒன்று உண்டு. முன்னொரு மாணவர் பொருட்காட்சியில் வாங்கி வந்தபோது அது பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே இருந்ததாம். படிப்பு முடிந்து அவர் சென்றார், ஆமை நின்றது. இப்போது உணவுத் தட்டளவு வளர்ந்து, தொட்டியின் மீனையும் தண்டையும் தின்று தீர்த்துவிட்டது. நீர் மாற்றுவது எம் அறையினரின் முறை. சென்ற மழைக்காலத்தில் அதன்மேல் இரக்கங்கொண்டு, பக்கத்து ஏரியிற் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று தீர்மானித்து, சாக்குப்பையும் எடுத்துவிட்டோம். அவ்வேளை விலங்கியல் மாணவராய் உடனிருந்த இந்நண்பரே தடுத்தார். மிசிசிப்பிப் பள்ளத்தாக்கைத் தாயகமாக உடைய அவ்வாமை உலகின் மிகக் கொடிய ஊடுருவும் இனங்கள் நூற்றுள் ஒன்றாக எண்ணப்படுவது. ஏரியில் விடின், அங்குள்ள நம் நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் அது கவர்ந்துகொள்ளும் என்றார். ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே அதன் இறக்குமதியைத் தடுத்தது. அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளைச் சிறுவர்க்கு விளையாட்டுப் பொருளாக விற்பதைச் சால்மொனெல்லா நோய் பற்றி 1975 முதல் தடுத்துள்ளனர். நன்கு பேணினால் அவ்வாமை முப்பது ஆண்டும் வாழும். எம் அறையில் யாரும் இன்னும் முப்பது வயது எய்தவில்லை.

நண்பர் தம் கடையில் அவ்வாமையை விற்பதில்லை என்று உறுதி கொண்டதற்கு அத்தொட்டியே காரணம் என்றார். இன்னொன்றும் சொன்னார். கடை பிடித்த செய்தி பரவியதும், முன்பின் அறியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, நட்சத்திர ஆமைகள் வேண்டுமாயின் தருவதாகவும், விற்றபின் பணம் கொடுத்தாற் போதுமென்றும் கூறினாராம். நட்சத்திர ஆமை நம் தமிழ்நாட்டுப் புதர்க்காட்டிலும் வாழ்வது. 2019இற் சைட்டிஸ் முதற் பட்டியலில் ஏறியது. பெட்டிகளில் அடுக்கிக் கடத்த முயன்றவற்றைச் சென்னை விமான நிலையத்திற் சுங்கத்தார் கைப்பற்றிய செய்தி பலமுறை வந்துள்ளது. "அட்டவணை எனக்குத் தெரியும், தம்பி. ஆனால் முதல் மாத வாடகையும் தெரியும். இரண்டு நாள் மறுமொழி சொல்லவில்லை" என்றார். இதனைச் சொல்லும்போது அவர் எம் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மறுத்துவிட்டார். அவ்வெண்ணிலிருந்து பிறகு அழைப்பு வரவில்லை.

பெயர் 'அயலுயிர்ச் சோலை' என்று முடிவாயிற்று. பிப்ரவரியிற் சென்று கண்டோம். பலகை எழுதியவர் வல்லெழுத்து மிகுதலை மதியாது 'அயலுயிர் சோலை' என்றே எழுதியிருந்தார். எம்முள் ஒருவர் ஏணி கேட்டார், கிடைக்கவில்லை. உள்ளே பட்ஜரிகார் கூண்டுகள் நான்கும், காக்டெயில் இணையொன்றும், தனித்தனிப் பெட்டிகளில் ஹாம்ஸ்டர்களும், தீனி மூட்டைகளும் இருந்தன. பதிவுச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார். கல்லாவின் மேல் நீண்ட பேரேடு ஒன்று கிடந்தது; அதில் முதற்பக்கம் பாதி நிறைந்திருந்தது. அதன் அருகே, தம் கையாலேயே எழுதி ஒட்டியிருந்த அட்டையில், 'பச்சைக்கிளி, ஆமை கேட்க வேண்டா' என்றிருந்தது. யாம் அங்கிருந்த அரைமணிக்குள் மூவர் கேட்டனர்.