பிடிவாதத்துக்கும் அடித்தளம் வேண்டும்: ஒரு பெட்ரோலியம் இன்ஜினியரின் 7 கரியர் பாடங்கள்

உங்கள் ஆபீஸில் உங்களைவிட அதிக மார்க் எடுத்தவர் இருப்பார். உங்களைவிடச் சரளமாக ஆங்கிலம் பேசுபவர் இருப்பார். மேலிடத்து சிபாரிசு உள்ளவரும் இருப்பார். போட்டி என்றால் அப்படித்தான். அதில் கடைசிவரை தாக்குப்பிடிப்பவர் யார்? மற்றவர்கள் கைவிட்ட வேலையைத் தொடர்வதற்கான பலத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்தவர். அடித்தளம் இல்லாத பிடிவாதம் ஆளைக் கவிழ்த்துவிடும்.

இதற்கு நான் காட்டும் உதாரணம் ஜார்ஜ் பி. மிட்செல். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கால்வெஸ்டன் என்ற தீவு நகரத்தில் 1919-ல் பிறந்தார். பெட்ரோலியம் இன்ஜினியர். ஷேல் பாறையிலிருந்து லாபகரமாக கேஸ் எடுக்க முடியும் என்று காட்டி, உலக எரிசக்தி வியாபாரத்தையே புரட்டிப் போட்டவர். மனைவி சிந்தியாவோடு 66 ஆண்டு இல்லறம், பத்துப் பிள்ளைகள். 2013-ல், 94 வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார். அந்த நீண்ட வாழ்க்கையிலிருந்து ஏழு பாடங்கள்.

1. பின்னணியைச் சாக்காகச் சொல்லாதீர்கள்

மிட்செலின் அப்பா கிரீஸில் ஆடு மேய்த்தவர். அமெரிக்காவில் ரயில் பாதை போடும் கூலி வேலைக்குப் போனார். சவ்வாஸ் பரஸ்கேவோபௌலோஸ் என்ற பெயரை எழுதச் சலித்துக்கொண்ட சம்பளப் பட்டுவாடா அதிகாரி, தன் பெயரான மைக் மிட்செலையே அவருக்கு வைத்துவிட்டார். பிறகு கால்வெஸ்டனில் ஷூ பாலிஷ் கடையும் சலவைக்கடையும் நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் படித்தபோது மிட்செல் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறினார், துணி தைத்தார், சக மாணவர்களுக்கு அலங்கார லெட்டர் பேப்பர் விற்றார். 1940-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். பார்ட் டைம் வேலை செய்து படித்தீர்களா? ரெஸ்யூமேயில் தைரியமாக எழுதுங்கள். அதுவும் அனுபவம்தான்.

2. ஒரு ஸ்கில்லில் ஊருக்கே முதல் ஆளாக இருங்கள்

எண்ணெய்க் கிணற்றுக்குள் ஒரு கருவியை இறக்கி, பாறைகளின் மின் தன்மையை அடி அடியாகப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவுக்கு ‘லாக்’ என்று பெயர். நீளமான காகிதச் சுருளில் கோடுகள் நெளிந்து நெளிந்து இறங்கும். மற்றவர்களுக்கு அது கிறுக்கல். மிட்செலுக்கோ எங்கே மணற்பாறை, எங்கே தண்ணீர், எங்கே கேஸ் என்று சொல்லும் ஜாதகம். 1950-களின் தொடக்கத்தில், கிணறு தோண்டுபவர்களின் இடுகாடு என்று பெயரெடுத்த வடக்கு டெக்சஸின் வைஸ் கவுண்டியில் துணிந்து இறங்கினார். பெரிய கேஸ் வயல் கிடைத்தது. பத்து விஷயம் சுமாராகத் தெரிவதைவிட, ஒன்றை ஆழமாகப் படிக்கத் தெரிவது சம்பளத்தை ஏற்றும்.

3. சம்பளமா, பங்கா என்று சீக்கிரமே முடிவு செய்யுங்கள்

பேராசிரியர் ஹரால்ட் வான்ஸ் மாணவர்களிடம் சொன்னதன் சாரம் இது: பெரிய கம்பெனியில் சேர்ந்தால் ஷெவர்லே ஓட்டலாம், கேடிலாக் வேண்டுமென்றால் ஒருநாள் சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும். மிட்செல் இரண்டையும் வரிசையாகச் செய்தார். முதலில் எண்ணெய் கம்பெனி வேலை, போர்க்காலத்தில் ராணுவத்தின் பொறியாளர் படை, அதன் பிறகே சொந்தத் தொழில். அனுபவத்தை அடுத்தவர் செலவில் சேருங்கள். கணக்கு தெரிந்த பிறகு பங்கு கேளுங்கள்.

4. உங்களிடம் இல்லாத திறமையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

மிட்செல் கூட்டத்தைக் கவர்ந்து பேசுகிற ஆள் இல்லை. அண்ணன் ஜானிக்கு அது கைவந்த கலை. தம்பி நிலத்தைப் படித்தார், அண்ணன் முதலீட்டாளர்களைப் பிடித்தார். உங்கள் குறையை மறைப்பதில் சக்தியை வீணாக்காதீர்கள். அதை ஈடுகட்டும் பார்ட்னரைத் தேடுங்கள்.

5. நீண்ட ப்ராஜெக்ட்டுக்குக் காரணமும் காசும் கையில் இருக்கட்டும்

இதுதான் முக்கியமான பாடம். சிகாகோவுக்கு கேஸ் கொண்டுபோகும் பைப்லைனுக்கு சப்ளை செய்ய மிட்செல் நீண்டகால ஒப்பந்தம் போட்டிருந்தார். பழைய வயல் வற்றத் தொடங்கியது. அதற்கும் கீழே, தரையிலிருந்து சுமார் 7,000 அடி ஆழத்தில், பார்னெட் ஷேல் படுகை கிடந்தது. கேஸ் உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது வெளியேற வழியில்லாத அளவுக்கு இறுகிய பாறை. 1981-ல் முதல் கிணறு போட்டார். வருடக்கணக்கில் லாபம் வரவில்லை. கம்பெனிக்குள்ளேயே பலர் வேண்டாம் என்றார்கள். ஆனால் ஒப்பந்தமும் பைப்லைனும் மற்ற வயல்களின் வருமானமும் அவரிடம் இருந்தன. அவருடைய பிடிவாதத்துக்கு அடித்தளம் அதுதான்.

பாறையை உடைக்க விலையுயர்ந்த, கொழகொழப்பான ஜெல்லை அழுத்திச் செலுத்துவது அப்போதைய வழக்கம். நிக் ஸ்டைன்ஸ்பெர்கர் என்ற இளம் இன்ஜினியர், பெரும்பாலும் தண்ணீரையே பயன்படுத்தலாம் என்றார். செலவு மளமளவென்று குறைந்தது. 1998-ல் ஒரு கிணறு எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கொடுத்தது. 17 ஆண்டு உழைப்புக்கு விடை கிடைத்தது. நீங்கள் பாஸ் என்றால், செலவைக் குறைக்கும் யோசனையோடு வரும் ஜூனியரை மீட்டிங்கில் வாயடைக்காதீர்கள். நீங்கள் ஜூனியர் என்றால், புகாரோடு போகாதீர்கள், கணக்கோடு போங்கள்.

விடவேண்டிய நேரமும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஹூஸ்டனுக்கு வடக்கே காட்டு மரங்களைக் காத்துக் கட்டிய ‘தி வுட்லண்ட்ஸ்’ நகரத்தை 1997-ல் 54.3 கோடி டாலருக்கு விற்றார். 82 வயதில் கம்பெனியையே டெவன் எனர்ஜியிடம், கடனையும் சேர்த்துச் சுமார் 350 கோடி டாலருக்குக் கொடுத்தார்.

6. உங்கள் வேலையின் குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள்

தண்ணீரை அழுத்திச் செலுத்திப் பாறையை உடைக்கும் இந்த முறையால் தண்ணீருக்கும் காற்றுக்கும் கேடு வரும் என்ற எதிர்ப்பு எழுந்தது. மிட்செல் பூசி மெழுகவில்லை. கடுமையான அரசு விதிகள் வேண்டும் என்று 2012-ல், 93 வயதில், நியூயார்க் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். அப்ரைசலிலும் இதையே செய்யுங்கள். தவறை நீங்கள் சொன்னால் அது பொறுப்பு. மற்றவர் கண்டுபிடித்தால் அது குற்றம்.

7. வீட்டைக் கரியர் கணக்கில் சேருங்கள்

17 ஆண்டு லாபம் வராத வேலையில் நிற்கும் மனிதனுக்கு, மாலையில் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும். மிட்செலுக்கு அது சிந்தியா. அவர் பெயரில் வுட்லண்ட்ஸில் ஒரு திறந்தவெளி இசை அரங்கம் நிற்கிறது. கால்வெஸ்டனின் பழைய கட்டடங்களை இருவரும் சேர்ந்தே மீட்டார்கள். சிந்தியாவை அல்சைமர் நோய் பீடித்தது, 2009-ல் இறந்தார். அதே ஊரின் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மூளைச் சிதைவு நோய்களை ஆராயும் மையம் இன்றும் இருவர் பெயரையும் தாங்கி நடக்கிறது.

இன்றிரவு ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: என் ஆழமான ஸ்கில் எது? என் பங்கு எது? எத்தனை மாதம் வருமானமின்றித் தாங்குவேன்? யாருடைய துணையில் தாங்குவேன்? நான்காவது வரியில் வரும் பெயருக்கு உரியவரிடம் முதல் மூன்று வரிகளையும் படித்துக் காட்டுங்கள். அவருக்குத் தெரியாமல் எந்த நீண்ட ப்ராஜெக்ட்டிலும் இறங்காதீர்கள்.