எத்தனை மைக்? அதுதான் முதல் கேள்வி: திருச்சி இசைக் கலைஞர்களுக்கான ஆடியோ இன்டர்ஃபேஸ் வழிகாட்டி

1939 முதல் வானொலி நிலையம் இயங்கும் ஊர் திருச்சி. மைக் முன்னால் உட்கார்ந்து பழகிய கலைஞர்கள் இங்கே நிறைய. இன்று ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் வீணை வகுப்பு எடுக்கலாம். ரசிக ரஞ்சன சபா போன்ற மேடையில் வாசித்ததை நாமே பதிவு செய்துகொள்ளலாம். இரண்டுக்கும் மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்கும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். வாங்கப் போகுமுன் விலையைப் பார்க்காதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை மைக் வேண்டும் என்று எண்ணுங்கள்.

வகுப்பு எடுப்பவருக்கு

ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 (நான்காம் தலைமுறை), மோட்டு எம்2 போன்றவை போதும். ஒரு மைக் குரலுக்கு, இன்னொன்று வீணைக்கு. லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் இரண்டிலும் உண்டு. லூப்பேக் வசதியால் லேப்டாப்பில் ஓடும் தம்பூரா சுருதியும் மாணவர் காதுக்குப் போய்ச் சேரும்.

கச்சேரியைப் பதிவு செய்பவருக்கு

பாட்டு, வயலின், மிருதங்கத்தின் வலந்தலை, தொப்பி என்று நான்கு மைக் ஆகிவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்கார்லெட் 4ஐ4, மோட்டு எம்4 என்று பெயரில் நான்கு இருந்தாலும் மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான். மற்ற இரண்டும் மைக்கை நேரடியாக இணைக்க உதவாத லைன் இன்புட். பெரிங்கர் யுஎம்சி404எச்டியில் உண்மையாகவே நான்கு உண்டு. ஆனால் அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். கரன்ட் போனால் பதிவும் போச்சு.

ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஜூம் எச்6 ரெக்கார்டர். நான்கு மைக் இணைப்பு, நான்கு ஏஏ பேட்டரி, எஸ்டி கார்டு. லேப்டாப் இல்லாமலே பதிவு செய்யும். இணைத்தால் இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும்.

மேடையில் வாசிப்பவருக்கு

லேப்டாப்பிலிருந்து கீபோர்டு ஒலியையோ ட்ராக்கையோ மிக்சருக்கு அனுப்பும் இன்னிசைக் குழுக்கள் அவுட்புட்டைப் பார்த்து வாங்க வேண்டும். எச்6இல் இருப்பது சின்ன 3.5 மி.மீ. ஜாக். 2ஐ2, எம்2 இரண்டிலும் பேலன்ஸ்டு அவுட்புட் உண்டு. நீண்ட கேபிளிலும் இரைச்சல் ஏறாது. கீபோர்டு தாமதமாகக் கேட்டால் மென்பொருளின் ஆடியோ அமைப்பில் பஃபரை 128 சாம்பிளுக்குக் குறையுங்கள். ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

எதை வாங்கினாலும்

மைக் சரிபார்க்கும்போது மிருதங்க வித்வான் மெதுவாக நாலு சொல் வாசிப்பார். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை முடிக்கும்போது விழும் அடி வேறு. அந்த வேகத்திலேயே வாசிக்கச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். 24 பிட் பதிவில் குறைந்த ஒலியைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்; கிளிப்பாகி உடைந்த ஒலியை முழுதாக மீட்க முடியாது.

வகுப்புக்கும் மேடைக்கும் 2ஐ2 அல்லது எம்2, கச்சேரிப் பதிவுக்கு எச்6. மிச்சமாகும் பணத்தில் நல்ல கேபிளும் உறுதியான மைக் ஸ்டாண்டும் வாங்குங்கள்.