அமைச்சரும் செயலாளரும்

சென்னிமலையில் தறி நெய்வோர் பலர் கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினராவர். சங்கப் பணத்தைக் கையாளும் அலுவலர் நிர்வாகக் குழுவிற்கு விடை கூறக் கடவர். குழுவினரோ பேரவையில் உறுப்பினர்க்கு விடை கூறக் கடவர். இவ்விரு படிகளுள் ஒன்று இற்றாலும் நெசவாளரது பொருள் காவலற்றதாம். அரசியலிலும் அலுவலர், அமைச்சர், நாடாளுமன்றம் என்னும் இம்முறையே நிலவுகின்றது. அதன் இயல்பை ஒரு வரலாற்றால் ஆராயப் புகுந்தோம்.

ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956 செப்டம்பரில் தோன்றியது. அதன் நிதி, எளியோர் பலர் சிறுகச் சிறுகச் செலுத்தியதாகும். 1957 ஜூனில் அக்கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகருக்குரிய ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ரூபாய்க்கு வாங்கிற்று. கழகத்தின் முதலீட்டுக் குழுவை முன்னர்க் கலந்தாரல்லர். டிசம்பரில் இதனை மக்களவையில் கிளப்பியவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங் கட்சியினரே என்பது கருதற்பாலது.

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா பலரறிய விசாரணை நடத்தினார். நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி தாம் இசைவு தந்திலர் என்றார். நிதித்துறைச் செயலாளர் எச். எம். படேலோ அமைச்சரைக் கலந்தே செய்ததாகக் கூறினார். செயலாளர் செயலுக்கு அமைச்சரே அரசியலமைப்பு முறையில் பொறுப்பாவர் என்பது சாக்ளாவின் முடிவு. 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி துறந்தார். அலுவலர் நடத்தையும் தனியே விசாரிக்கப்பட்டது. பணியினின்று நீங்கிய படேல் 1977-இல் தாமே நிதியமைச்சராயினர்.

பிறர் செயலுக்கு ஒருவர் பதவி இழத்தல் நீதியாமோ எனின், கூறுதும். மக்களவையில் எழுந்து விடை பகரும் உரிமை செயலாளர்க்கு இல்லை. அமைச்சரும் 'யான் அறியேன்' என்று அமைவாராயின், மக்களின் வினா விடையின்றி ஒழியும். ஆதலின் பிழை செய்தவர் வேறாயினும் அவையில் விடை கூறுபவர் அமைச்சரே. இதனால் அலுவலர் பொறுப்பு நீங்கிற்று என்று கொள்ளற்க. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் முன் வந்து செலவுக்கு விளக்கம் தருவோர் செயலாளர்களே. அமைச்சரை அங்கு அழைப்பதில்லை.

வினை செய்வாரை நாள்தோறும் ஆராய்தல் வேந்தன் கடன் என்பதனைத் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தார். அவ்வேந்தன் இடத்தில் இன்று மக்கள் உளர். அவர்கள் ஆராய வேண்டுமாயின் எழுத்து வேண்டும். வாய்மொழி ஆணைக்குச் சான்றில்லை. நம் கல்லூரியினின்று அரசுப் பணி புகும் நண்பர்காள்! இன்னார் ஏவினார், இக்காரணத்தால் ஏவினார் என்பதனை ஏட்டிலே பொறித்த பின்னரே பொதுப் பொருளில் கைவைம்மின். அவ்வரியே அமைச்சர்க்கும் உமக்கும் நெசவாளர்க்கும் ஒருங்கே காவலாம்.