மலருக்கு: கண்ணைப் பார்த்து எழுது

அன்புள்ள மலர் கண்ணு,

உன்னை நியூரோ ஐ.சி.யூ.வில் நர்ஸாகப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா போன் செய்து சொன்னாள். அவள் குரலில் பாதி பெருமை, பாதி கவலை. எனக்கும் அப்படித்தான். தண்ணீர்மலைத் தைப்பூசக் கூட்டத்தில் என் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளை நீ. இப்போது வெண்டிலேட்டர் போட்ட ஆளை ராத்திரி முழுக்க நீ பார்த்துக்கொள்கிறாய். சாப்பிட்டுவிட்டுத்தானே போகிறாய்? ஒரு மைலோவைக் குடித்துவிட்டு நைட் டூட்டிக்கு ஓடுகிறாளாம் மகாராணி, அம்மா சொன்னாள். அது ஆகாது. விடியற்காலை நாலு மணிக்குக் கண் சொருகும். உன் நோயாளிக்கு நீ ரொம்பத் தேவைப்படுவது அந்த நாலு மணிக்குத்தான்.

அந்த நேரத்தில் நீ செய்கிற ஒரு சின்ன வேலையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கண்மணி பார்ப்பது. இமையைத் தூக்கி, டார்ச் அடித்து, எத்தனை மில்லிமீட்டர், சுருங்குகிறதா இல்லையா என்று சார்ட்டில் குறிப்பது. ஒரு நிமிடம்கூட ஆகாது. அதனாலேயே அலட்சியம் வந்துவிடும்.

காலேஜில் படித்திருப்பாய், இருந்தாலும் நான் ஒரு தரம் சொல்கிறேன். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. உள்ளே ரத்தம் கட்டினாலும் மூளை வீங்கினாலும், இடம் இல்லாமல் மூளை கீழே தள்ளப்படும். மூளைத்தண்டை ஒட்டிப் போகிற மூன்றாவது நரம்பு அப்போது நசுங்கும். கண்மணியைச் சுருக்குகிற நார்கள் அந்த நரம்பின் வெளிப்புறத்தில் ஓடுவதால், நசுக்கலை முதலில் வாங்குவது அவைதான். அந்தப் பக்கக் கண்மணி பெரிதாகும், வெளிச்சத்துக்கு மெதுவாகும், பிறகு அசையாமல் நின்றுவிடும். தூக்க மருந்து ஓடுகிற ஆளிடம் பேர் கேட்க முடியாது, கையைத் தூக்கு என்று சொல்ல முடியாது. அவர் உன்னோடு பேசுவதெல்லாம் அந்தக் கண்மணி வழியாகத்தான்.

கிரீன் லேனில் மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி விழுந்த ஒரு பையன் ஞாபகத்துக்கு வருகிறான். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை, ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழி. இரண்டு மணிக்கு இரண்டு பக்கமும் 3, நன்றாகச் சுருங்கியது. மூன்று மணிக்கு எங்கள் வார்டு சிஸ்டர் டார்ச்சை அடித்தவர், அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தார். வலது கண்மணி 4. வட்டமாக இல்லை, லேசாக நீள்வட்டமாக இருந்தது. சுருங்கியது, ஆனால் சோம்பலாக. பிரஷர், நாடி எல்லாம் அப்படியேதான் இருந்தன. 'ஸ்லக்கிஷ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேராகப் போனை எடுத்து எம்.ஓ. டாக்டரைக் கூப்பிட்டார். சி.டி. எடுத்தார்கள், ரத்தக்கட்டு பெருத்திருந்தது, விடிவதற்குள் தியேட்டருக்குப் போனான். பையன் பிழைத்தான். சிஸ்டர் அன்று பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மேல் வரியில் இருந்த 3-ஐப் பார்த்து இன்னொரு 3 போடாமல், கண்ணைப் பார்த்து எழுதினார்.

அதுதான் நான் உன்னிடம் கேட்டுக்கொள்வது. சார்ட்டில் மேலே 3, 3, 3 என்று வரிசையாக இருக்கும்போது கை தானாக 3 எழுதும். சோம்பேறிகள் மட்டும் செய்வதில்லை இதை. ஆறு நோயாளிக்கு மூன்று நர்ஸ் மிஸ்ஸி இருக்கிற ராத்திரியில் நல்லவர்களும் செய்கிறார்கள். நீ செய்யாதே. பார்க்க முடியாமல் போனால் பார்க்கவில்லை என்று எழுது. இமை வீங்கித் திறக்க முடியவில்லையா, அதையும் எழுது. ஒரு மணி நேரத்து எண் தனியாக ஒன்றும் சொல்லாது. முந்தைய எண்ணும் அடுத்த எண்ணும் உண்மையாக இருந்தால்தான் டாக்டருக்கு அது சேதி.

எப்படிப் பார்ப்பது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். படுக்கைக்கு மேலே இருக்கிற லைட்டைக் குறை. முதலில் டார்ச் இல்லாமல் இரண்டு கண்ணின் அளவையும் பார். பிறகு பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தைக் கொண்டுவா. அடித்த கண் சுருங்குகிறதா, அடிக்காத கண்ணும் கூடச் சுருங்குகிறதா என்று இரண்டையும் கவனி. அடுத்த கண்ணுக்குப் போகுமுன் சில வினாடி பொறு. நம் ஊர் ஆட்களின் கண் அடர்ந்த பழுப்பு, மங்கின பேட்டரியில் கண்மணியின் விளிம்பே தெரியாது. டார்ச் உன் சொந்தமாக இருக்கட்டும். யாருக்கும் இரவல் கொடுக்காதே, திரும்பி வராது.

பாஸ் ஓவரின்போது இரண்டு பேரும் சேர்ந்து படுக்கையருகில் நின்று பாருங்கள். நீ 'சுறுசுறுப்பு' என்று நினைப்பதை வருகிறவள் 'சோம்பல்' என்று நினைக்கலாம். ஷிஃப்ட் மாறும்போது அது தெரிந்துவிட்டால், பிறகு வருகிற மாற்றம் நோயாளியிடமா, பார்க்கிற கண்ணிலா என்ற குழப்பம் இருக்காது.

பயப்பட வேண்டாத இடங்களும் உண்டு. நெபுலைசர் மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் மருந்துப்புகை ஒரு கண்ணில் பட்டால், அந்தக் கண்மணி மட்டும் விரிந்து நிற்கும். கண் டாக்டர் சொட்டு மருந்து போட்டுவிட்டு எழுதாமல் போயிருக்கலாம். புரை ஆபரேஷன் செய்த தாத்தாவுக்குக் கண்மணி கோணலாக இருக்கலாம். மார்ஃபின் ஓடினால் இரண்டும் ஊசிமுனையாகச் சுருங்கும். மூளைத்தண்டில் ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான் சுருங்கும், ஆகவே மருந்துச் சீட்டைப் பார்க்காமல் எதையும் முடிவு கட்டாதே. இயல்பிலேயே ஒரு மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருக்கிறவர்கள் நிறையப் பேர். குடும்பத்தைக் கேள். போனில் பழைய கல்யாணப் போட்டோ இருக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இதையெல்லாம் எம்.ஓ.வைக் கூப்பிட்ட பிறகு யோசி.

நிஜமாகவே பயந்த காலமும் உண்டு. 1998 கடைசியிலும் 1999-லும் நம் மலேசியாவில் நீப்பா வைரஸ் வந்த காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். பேராவில் ஆரம்பித்து நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகள் வரை போனது. முதலில் கொசுவால் வருகிற ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 265 பேருக்கு வந்தது, 105 பேர் போய்விட்டார்கள். மூளைத்தண்டு வரை பாதித்த அந்த நோயில் கண்மணியும் தடுமாறியது. பெயர் தெரியாத நோய்க்குப் பக்கத்தில் நின்று, முகமூடியோடு மணிக்கு மணி டார்ச் அடித்து எழுதிய மிஸ்ஸிகளை நான் மதிக்கிறேன். நீ அவர்களுக்குப் பின்னால் வருகிறவள்.

இப்போது கண்மணி பார்க்கவும் மெஷின் வந்துவிட்டது. கண்ணுக்கு நேராகப் பிடித்தால் கேமரா சில வினாடியில் அளந்து, 0 முதல் 5 வரை ஒரு எண் சொல்லும். 3-க்குக் கீழே போனால் சரியில்லை. 2023-ல் வெளிவந்த ஆரஞ்ச் ஆய்வில் 514 நோயாளிகளை ஏழு நாள், நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் அப்படி அளந்தார்கள். எண் இறங்கியவர்களில் பலருக்கு ஆறு மாதம் கழித்தும் நிலைமை மோசமாக இருந்தது. முன்பு கண்மணிக்கு இந்த இடம் இல்லை: கிளாஸ்கோவில் 1974-ல் டீஸ்டேலும் ஜென்னட்டும் தந்த கோமா அளவுகோலில் கண்மணி சேரவில்லை. 2018-ல் டீஸ்டேலும் அவர் கூட்டாளிகளும் அதைச் சேர்த்தார்கள்: ஒரு கண்மணி அசையாவிட்டால் 1, இரண்டும் அசையாவிட்டால் 2 என்று அளவுகோல் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். மெஷின் வரட்டும், நல்லதுதான். மனிதருக்கு மனிதர் மாறுகிற கணிப்பை அது சீர் செய்யும். ஆனால் நெபுலைசர் மாஸ்க் சரிந்திருப்பதை அது சொல்லாது.

இமையைத் தூக்குமுன் பேசு, மலர். கோமாவில் இருந்தாலும் பேசு. "பாக்சிக், லைட் அடிக்கிறேன்," "ஐயா, கண்ணைத் திறக்கப் போறேன்." சீன ஆச்சிகளுக்கு உன் அரைகுறை ஹொக்கியனே போதும், சிரிக்காமல் சொன்னால் சரி. ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டி பிள்ளைகள் நீ என்ன சொல்கிறாய் என்பதைவிட எப்படித் தொடுகிறாய் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உன் வார்டில் அந்த மெஷின் இருக்கிறதா, இல்லை டார்ச் மட்டும்தானா என்று பதிலில் எழுது. ராத்திரிக்கு எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்றும் எழுது. அடுத்த ஆஃப் நாளில் நேராக இங்கே வந்துவிடு, தூங்கி எழுந்த பிறகு சாப்பாடு போடுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா
ஜார்ஜ் டவுன்