முடிகொண்டான் ஓடுகிறதா?

சித்திரை மாத வெயிலில் நன்னிலத்தில் நின்றுகொண்டு ஒருவர், "இந்தப் பக்கமாக முடிகொண்டான் ஆறு ஓடுகிறது" என்று சொன்னால் நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். ஆற்றில் அப்போது மணல்தான் இருக்கும். மாடுகள் குறுக்கே நடந்துபோகும். பையன்கள் பந்தடிப்பார்கள். இருந்தாலும் அவர் சொன்னது உண்மைதான். காவிரியின் கிளைகளில் ஒன்றான அந்த ஆற்றுக்கு வழி அதுதானே!

இதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்போம். (ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி தமிழிலேயே தருகிறேன். நீங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.) 'தி முடிகொண்டான் ஃப்ளோஸ் நியர் நன்னிலம்' என்பது சித்திரையிலும் மெய். 'தி முடிகொண்டான் இஸ் ஃப்ளோயிங்' என்றால் சித்திரையில் அது பொய். மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது கல்லணை தாண்டி இந்தப் பக்கம் வந்துசேர்ந்த பிறகே மெய்யாகும். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. இருப்புக் குறைந்த ஆண்டுகளில் அது தள்ளிப்போவதும் உண்டு. நாற்றங்காலுக்குத் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கும் உழவருக்கு இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றாகுமா?

நம்மில் பலர் எதற்கெடுத்தாலும் இரண்டாவது வகையைத்தான் எழுதுகிறோம். 'ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் பை பஸ் எவ்ரி டே' என்கிறோம். அறிவியல் விடைத்தாளில், 'வாட்டர் இஸ் பாயிலிங் அட் 100 டிகிரீஸ்' என்று எழுதுகிறோம். ஆங்கிலம் அறிந்தவர் இதைப் படித்தால், எங்கோ ஓர் அடுப்பில் இந்த நிமிடம் தண்ணீர் கொதிப்பதாக நினைப்பார். நீங்கள் சொல்லவந்ததோ, கடல்மட்டக் காற்றழுத்தத்தில் நீர் என்றும் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்ற இயற்கை உண்மை. அதற்கு 'வாட்டர் பாயில்ஸ்' என்பதே சரி. அறிவியல் விதிகளை எல்லாம் இந்த உருவத்தில்தான் எழுதவேண்டும்.

தவறு எங்கிருந்து வருகிறது? 'ஓடுகிறது' என்னும் நம் சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. ஆனால் வேறுபடுத்திச் சொல்லத் தமிழிலும் வழி இருக்கிறது. "தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்", "அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது" என்று நாம் பிரித்துத்தானே பேசுகிறோம்? ஆகவே வாக்கியத்தை எழுதுமுன் மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். 'கொதிக்கும்', 'ஓடும்', 'வருவார்' என்று வழக்கத்தைச் சொல்ல முடிந்தால் 'பாயில்ஸ்', 'ஃப்ளோஸ்', 'கம்ஸ்'. 'கொண்டிருக்கிறது' பொருந்தினால் 'இஸ்' போட்டு 'இங்' சேருங்கள். ஓர் எச்சரிக்கை: "நாளை மழை பெய்யும்" என்பது வழக்கம் அல்ல, எதிர்காலம். அங்கே 'வில்' வரவேண்டும். இன்னொன்று, உடைமையைச் சொல்லும்போது 'ஹாவிங்' கூடவே கூடாது. 'ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்' போதும். 'ஹாவிங் லஞ்ச்' மட்டும் சரி. அங்கே 'ஹாவ்' என்பதற்குச் சாப்பிடுவது என்று பொருள்.

சொற்களிலும் இதே கதைதான். தொலைந்த பென்சிலை நாம் கண்டுபிடிக்கிறோம். ராமன் 1928-ல் ஒளிச்சிதறலில் ஒரு புதிய விளைவைக் கண்டுபிடித்தார். எடிசன் 1877-ல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். ஆங்கிலத்தில் இவை மூன்று வினைகள். பென்சிலுக்கு 'ஃபவுண்ட்'. முன்பே இயற்கையில் இருந்ததை முதலில் அறிந்த ராமனுக்கு 'டிஸ்கவர்ட்'. இல்லாததை உண்டாக்கிய எடிசனுக்கு 'இன்வென்டட்'. ராமன் விளைவை 'இன்வென்ட்' செய்தார் என்று எழுதினால், அவர் கற்பனையாகக் கட்டிவிட்டார் என்றாகிவிடும்!

மேட்டூரும் அணை, கல்லணையும் அணை. 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கி வைக்கிறது. அது 'டாம்'. கல்லணை தேக்கி வைப்பதில்லை. வந்த நீரைக் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பங்கிட்டு அனுப்புகிறது. பேச்சில் அதையும் 'டாம்' என்பவர்கள் உண்டு. ஆனால் அதன் ஆங்கிலப் பெயர் 'கிராண்ட் அனிகட்'. 'அனிகட்' வேறொன்றுமில்லை, நம் 'அணைக்கட்டு'தான். ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது.

சில இடங்களில் நம்மிடம்தான் சொற்கள் அதிகம். நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் ஆங்கிலேயருக்கு 'ரைஸ்' ஒன்றே. உமி நீங்காத நெல்லுக்கு மட்டும் மலாய் மொழியிலிருந்து 'பேடி' என்ற சொல்லை வாங்கிக்கொண்டார்கள். இதை நான் செலவு செய்து கற்றேன். பள்ளியில் படிக்கும்போது, பெங்களூர் வியாபாரி ஒருவருக்குத் தாத்தா சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். 'சிக்ஸ்டி பேக்ஸ் ஆஃப் ரைஸ்' என்று பெருமையாக எழுதினேன். அவர் அரிசி என்று நம்பி லாரியோடு ஆளை அனுப்பிவிட்டார். களத்தில் கிடந்ததோ நெல். நூறு கிலோ நெல்லை அரைத்தால் அரிசி ஏறக்குறைய 67 கிலோதான் தேறும். மீதி உமியும் தவிடும். வந்தவர் கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். லாரி வாடகையைத் தாத்தாதான் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்படிப்பட்ட பிழைகள் நம் பக்கத்தாரின் தலையெழுத்து என்று எண்ணவேண்டாம். நன்னிலத்துக்கு மேற்கே வலங்கைமானில் 1869-ல் பிறந்து, கும்பகோணத்தில் படித்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. சென்னை திருவல்லிக்கேணியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். காந்தியடிகளின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் 1940-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு நடையைத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரியே. தம் பெயரை வெளியிடக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

ஒலியால் மயங்கும் சொற்கள் தனி. தத்துவத்தைக் குறிக்கும் 'பிரின்சிபிள்' பி, எல், இ என்று முடியும். கல்லூரி முதல்வரைக் குறிக்கும் 'பிரின்சிபல்' பி, ஏ, எல் என்று முடியும். மாற்றி எழுதினால் ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து எழுந்து முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். 'டிஸ்கஸ்' என்றாலே 'பற்றிப் பேசு' என்று பொருள். பின்னால் ஓர் 'அபவுட்' வேண்டாம்.

இனி உங்கள் முறை. இந்த நான்கையும் ஆங்கிலத்தில் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்: பூமி சூரியனைச் சுற்றுகிறது. சத்தம் போடாதே, தம்பி தூங்குகிறான். களத்தில் நெல் காய்கிறது. நன்னிலத்தில் ரயில் நிற்கிறது.

கடைசி வாக்கியத்துக்கு இரண்டு விடைகள் உண்டு. கால அட்டவணையைப் பார்த்துச் சொன்னால் 'ஸ்டாப்ஸ்'. 'இஸ் ஸ்டாண்டிங்' என்றால் பையை எடுத்துக்கொண்டு ஓடவேண்டியதுதான்.