ஏலாக்குறிச்சி ஆலயமும் தமிழ் எழுத்தும்

முன்னுரை

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடும் நம் திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டிலேயே அக்கோயிலைச் சார்ந்து ஒரு பள்ளியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் நடைபெற்றன என்று அது கூறுகிறது. சிற்றூரின் வழிபாட்டிடம் கல்விக்கும் இருப்பிடமாக விளங்கியதை எண்ணி வியக்கிறோம். அத்தகைய மற்றோர் ஊரைச் சென்ற கோடை விடுமுறையில் பெற்றோருடன் கண்டு வந்தேன். அதுவே ஏலாக்குறிச்சி.

ஊரும் ஆலயமும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில், வயல்கள் சூழ அமைந்தது இவ்வூர். துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவ மக்கள் இங்கே தஞ்சம் புகுந்தனர். ஆகவே இங்குள்ள அன்னை 'அடைக்கல மாதா' எனப் பெயர் பெற்றாள். அரியலூர் மழவராயர் தம் நோய் நீங்கியதால் ஆலயத்திற்கு நிலம் அளித்தார் என்று வழிவழியாகக் கூறுவர்.

இங்கே பல்லாண்டுகள் பணியாற்றியவரே வீரமாமுனிவர். 1680இல் இத்தாலி நாட்டில் பிறந்த பெஸ்கி என்னும் இயேசு சபைக் குரு அவர். இவ்வூருக்குத் 'திருக்காவலூர்' என்று பெயரிட்டு, அன்னையின் மீது 'திருக்காவலூர்க் கலம்பகம்' பாடினார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியும் அவர் இயற்றியதே.

எளியோர்க்குக் கிடைத்த தமிழ்

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி ஒருநாள், "எங்கள் ஊர் எரி நிரம்பியது" என்று எழுதினான். நான் உரக்கச் சிரித்தேன். அவன் கண் கலங்கிற்று. ஆனால் முற்காலத்தில் பெரியோரும் இவ்வாறே இடர்ப்பட்டனர் என்பதைப் பின்னரே அறிந்தேன். எ, ஒ என்னும் குறில்களின் மேல் அன்று புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லையேல் அது நெடில். ஓலையில் எழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். ஆகவே எரியா, ஏரியா என்பதை இடம் நோக்கியே உணர வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் புள்ளியை நீக்கி, நெடிலுக்குத் தனி அடையாளம் தந்தார். 'ஏ' என்பதன் காலும், 'ஓ' என்பதன் சுழியும், 'கே' என்பதன் இரட்டைச் சுழிக் கொம்பும் அவ்வாறு வந்தவையே.

சொற்பொருள் கூறும் நிகண்டுகள் அந்நாளில் செய்யுளில் இருந்தன. அவற்றை மனப்பாடம் செய்தவர்க்கே பொருள் காண்பது எளிது. முனிவரோ 1732இல் சதுரகராதியை அமைத்துச் சொற்களை அகர வரிசையில் வைத்தார். புலவர்க்கு மட்டுமே திறந்திருந்த கதவு மாணவர்க்கும் திறந்தது.

முடிவுரை

1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் முனிவருக்குச் சிலை நிறுவப்பட்டது. ஆயினும், நாங்கள் சென்ற நாளில் வயல் வேலை முடித்து வந்து, மெழுகுதிரி ஏற்றி, மௌனமாக முழந்தாளிட்ட தாய்மாரைக் கண்டபோதுதான் அவர் யாரிடையே வாழ்ந்தார் என்பது விளங்கியது. சிற்றூர் என்று எவ்வூரையும், சிறு பிழை என்று எவரையும் நாம் இகழலாகாது. வீடு திரும்பியதும் தம்பியை அருகில் அமர்த்தி, 'ஏரி'க்குக் கால் இட்ட கதையைச் சொன்னேன். இப்பொழுது அவன் அதை மறப்பதில்லை.